பத்தொன்பது கதிர்கள்

டெலானோ ரான்சம் வரைந்த படத்துக்கு எங்கள் ஊர் விழாவுக்கான ஓவியப் போட்டியில் முதல் பரிசு கிடைத்த செய்தியை அவன் அக்கா ஓசெட்டாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். பள்ளிக்கூடச் சமையலறையில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "பேரை முழுசாப் போடுவாங்களா, ஆர்ட்டிஸ் அண்ணே?" என்று கேட்டாள்.

"போடுவாங்க."

"கைதி நம்பர் வேண்டாம். பேர் மட்டும் போதும்" என்றவள், மறுபடியும் தட்டுகளிடம் திரும்பிவிட்டாள்.

என் பேர் ஆர்ட்டிஸ். முப்பது வருஷம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவன். ஓய்வு பெற்ற பிறகு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, சர்ச் வேனில் பெண்களை ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் சிறைக்குப் போய்வருவேன். முதலில் என் அக்கா மகனுக்காகப் போனேன். அவன் விடுதலையாகி வந்துவிட்டான், வேன் ஓட்டுவது மட்டும் நிற்கவில்லை. நான் ஓட்டும் இந்தப் பதினோரு வருஷத்தில் ஓசெட்டா ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை.

டெலானோ செய்யாத குற்றத்துக்கு உள்ளே போனவன் இல்லை. இருபத்திரண்டு வயதில் துப்பாக்கியோடு ஒரு மருந்துக் கடைக்குள் நுழைந்தான். கடைக்காரர் காலில் குண்டு பாய்ந்தது. இருபத்தைந்து வருஷம் தண்டனை. அதில் பதினாறு முடிந்திருந்தது. அந்தப் பதினாறு வருஷத்தில்தான் அவன் வரையக் கற்றுக்கொண்டான்.

அந்தப் படத்தைச் சொல்கிறேன். ஒரு பெண் கூஜாவிலிருந்து சிவப்பு ஷர்பத் ஊற்றுகிறாள். சுற்றிலும் தம்ளர் நீட்டிய கைகள். அதில் ஒரு கையின் மணிக்கட்டில் மட்டும் உடைந்த விலங்கு. பின்னால் ஒரு சூரியன், அதற்குப் பத்தொன்பது கதிர்கள். ஜூன் பத்தொன்பது எங்கள் திருநாள். அடிமை முறை ஒழிந்துவிட்டது என்ற சேதி, கறுப்பர்களான எங்கள் முன்னோரில் கடைசி ஆட்களுக்கும் வந்து சேர்ந்த தேதி. அன்றைக்குச் சிவப்பு ஷர்பத் இல்லாத வீடு எங்கள் தெருக்களில் கிடையாது. வேறு எந்த ரகசியமும் அந்தப் படத்தில் இல்லை.

மே மாதம் பிறந்ததும் படத்தைத் துணியில் அச்சடித்து, பன்னிரண்டாம் தெரு நெடுக விளக்குக் கம்பங்களில் தொங்கவிட்டார்கள். ஓசெட்டா அதன் கீழே நின்று ஒரு போட்டோ எடுத்துத் தம்பிக்குத் தபாலில் அனுப்பினாள். அதற்கு அடுத்த சனிக்கிழமை, சிறைக்குள் போன பத்தாவது நிமிஷமே திரும்பி வேனுக்கு வந்துவிட்டாள்.

"என்னம்மா, அதுக்குள்ள வந்துட்ட?"

"பட்டியல்ல அவன் பேர் இல்லையாம்."

"வேற ஜெயிலுக்கு மாத்திட்டாங்களா?"

"ஆள் இங்கதான் இருக்கான். பேரைத்தான் எடுத்துட்டாங்க" என்றாள். பையை இருக்கையில் வைத்துவிட்டு, "அண்ணே, இன்னைக்கு வேன் கெளம்ப லேட்டாகும். மத்தவங்ககிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனாள்.

நான்கு மணி நேரம் பார்வையாளர் பதிவு ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். என் பேரும் அங்கே பார்வையாளர் பட்டியலில் உண்டு என்பதால் நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் குரலை உயர்த்தவில்லை. ஒரே கேள்வி, அதே தொனியில், அரை மணிக்கு ஒரு தரம்: "என் தம்பி எங்க இருக்கான், எதுக்காக?" கடைசியில் சிறையின் துணைக் கண்காணிப்பாளர் வென்ட்லண்ட் இறங்கி வந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலி காட்டினார். அவள் உட்காரவில்லை.

"உங்க தம்பிக்கு ஒரு கும்பலோட தொடர்பு இருக்குன்னு உறுதியாயிருக்கும்மா. தனிக்கொட்டடிக்கு மாத்தியிருக்கோம்."

"எந்தக் கும்பல்?"

"அதைச் சொல்றதுக்கு எனக்கு அனுமதி இல்ல."

"எத்தனை நாளைக்கு?"

"வருஷா வருஷம் பரிசீலனை பண்ணுவோம்."

தனிக்கொட்டடி என்றால் நாளில் இருபத்துமூன்று மணி நேரம் ஜன்னலில்லாத ஓர் அறை. போன் கிடையாது. காகிதம், பென்சில் கிடையாது. மாதத்துக்கு ஒரு மணி நேரம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துக் காட்டுவார்கள்.

 இதை எல்லாம் கேட்டுவிட்டு வந்தவள் அன்றிரவே சிறை விதிப் புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். நானூறு பக்கத்துக்கு மேல். கைதியின் குடும்பம் எழுதிக் கேட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று எங்கோ நடுவில் ஒரு வரி இருந்ததாம். அதைப் பிடித்தாள். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது.

'கம்பிக்கு இந்தப் பக்கம்' என்று ஒரு சங்கம் வைத்திருந்தோம். ஏழெட்டுப் பெண்களும் நானும்தான். புதன்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடுவோம். அங்கேதான் கடிதத்தைப் படித்தாள்.

"ஆதாரம் ஒண்ணு. பத்தொன்பது கதிர்கள். ரகசிய எண். ஆதாரம் ரெண்டு. சிவப்பு திரவம். கும்பலின் நிறம். ஆதாரம் மூணு. உடைந்த விலங்கு. கலவரத்துக்குத் தூண்டுதல். ஆதாரம் நாலு. மேற்படி சின்னங்கள் பொது இடத்தில் தொங்கும் புகைப்படம். வெளியில் உள்ள கூட்டாளிகளோடு தொடர்பு."

கடிதம் கை மாறி மாறி ஒரு சுற்று வந்தது. பிறகு இமோஜின் தொண்டையைக் கனைத்தாள். இறந்தவர்களுக்கு முகம் திருத்தி, முடி வாரி, கடைசிப் பயணத்துக்குத் தயார் செய்வது அவள் வேலை. உயிரோடு இருப்பவர்களை அவள் கேலி செய்யாமல் விட்டுவைப்பதே இல்லை.

"சிவப்பு ஷர்பத்தா? நான் பால்குடி மறந்ததுலேர்ந்து அந்தக் கும்பல்லதான் இருக்கேன். இத்தனை வருஷத்துல ஒரு பயலும் எனக்கு ஒரு பதவி குடுக்கலையே."

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஓசெட்டாவும்தான். சிரித்து முடித்ததும் கடிதத்தை மடித்தாள். "இமோஜின் அக்கா, நீங்க வெளையாட்டாச் சொன்னதை நான் நெஜமாவே செய்யலாம்னு பாக்கறேன். இந்தக் கும்பல்ல யார் யார் இருக்காங்கன்னு அவங்களுக்குக் காட்டுவோம். மொத்த ஊரையும் காட்டுவோம்."

ஆனால் அதற்குள் விழாக் குழுத் தலைவர் லெவரெட் பூன் காதுக்குச் செய்தி போய்விட்டது. இன்ஷூரன்ஸ் ஏஜென்சி நடத்துபவர், கைகளைக் கட்டிக்கொண்டே பேசுகிற ஜாக்கிரதையான மனிதர். மறுநாளே ஓசெட்டா வீட்டு வாசலில் வந்து நின்றார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. கும்பல் சின்னத்தைத் தெருவுல தொங்க விட்டுருக்கோம்னு பேப்பர்ல வந்துட்டா, அடுத்த வருஷம் விழாவே இருக்காது. சத்தமில்லாம எறக்கிடலாமான்னு பாக்கறோம்."

"பூன் அண்ணே, நாப்பது படம் வந்துச்சு. பேர் தெரியாமத்தானே இதைத் தேர்ந்தெடுத்தீங்க?"

"ஆமா."

"அப்போ உங்களுக்கு இதுல என்ன தெரிஞ்சுது?"

அவர் தரையைப் பார்த்தார். "எங்கம்மா தெரிஞ்சாங்க. அவங்க இப்படித்தான் கூஜாவை இடுப்புல அண்டக் குடுத்து ஊத்துவாங்க."

"நாம எறக்கினா, அந்தக் கடுதாசில இருக்கறது சரிதான்னு நாமளே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும். உங்கம்மாவையும் சேத்துத்தான்."

பூன் படியிறங்கிப் போனார். துணிகள் இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தன் அலுவலக வாசலிலும் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்.

அந்த வருஷத்து ஜூன் பத்தொன்பதை நான் மறக்க மாட்டேன். காலையிலேயே வெயில் சுட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டிரம் வரிசை முன்னால் போக, பின்னால் குதிரைக்காரர்கள், நர்ஸ்கள், சர்ச் பாடகர்கள் என்று ஊர்வலம் ஒரு மணி நேரம் நீண்டது. அடுப்புப் புகையில் பன்றி விலா எலும்பு வெந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாம் தெரு முனையில், படத்துக்கு நேர் கீழே, ஓசெட்டா ஒரு மேஜை போட்டிருந்தாள். மேஜையில் சிவப்பு ஷர்பத்தும் தம்ளர்களும். பக்கத்தில் இமோஜின் கேமராவோடு. வருபவர்கள் ஒரு தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு படத்தின் கீழே நிற்க வேண்டும். போட்டோவுக்குப் பின்னால் ஒட்டும் சீட்டில் பேரும் விலாசமும் எழுதி, 'நானும் இதன் கீழே நின்றேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். எதற்கு என்று ஓசெட்டா ஒவ்வொருவருக்கும் சொன்னாள். ஒளிவுமறைவு இல்லை. தன் தம்பி என்ன செய்துவிட்டு உள்ளே போனான் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

சிலர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். அவர்களுக்கும் நன்றி சொன்னாள். பலர் நின்றார்கள். பல் டாக்டர், தபால்காரர், பணியிலிருந்த இரண்டு போலீஸ்காரர்கள், நகர மேயரின் மனைவி. மதியத்துக்குள் வரிசை அடுத்த தெருவுக்குத் திரும்பியிருந்தது.

அந்த வரிசையில்தான் கார்னெல் யான்சியைப் பார்த்தேன். கோடு போட்ட சட்டை, இரண்டு கையிலும் இரண்டு மகள்கள். சனிக்கிழமை சனிக்கிழமை சிறை வாசலில் என் வேனைச் சோதனை போட்டுவந்த காவலர். எங்களைப் போலக் கறுப்பர்தான். ஆனால் சீருடை இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை. மேஜைக்கு வந்ததும் படத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது ரான்சம் வரைஞ்சதுதானே?"

"என் தம்பி" என்றாள் ஓசெட்டா.

"தெரியும். இப்ப வாசல்ல இல்ல நான். ஒரு மாசமா அவன் இருக்கற கொட்டடி வரிசைலதான் போட்டிருக்காங்க."

அவள் தம்ளர்களை அடுக்குவதை நிறுத்தினாள். "சாப்பிடறானா?"

"சாப்பிடறான். நடக்கறான். இந்தச் சுவத்துக்கும் அந்தச் சுவத்துக்குமா நாள் பூரா நடக்கறான்." மகள்களைச் சற்றுத் தள்ளி அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பேப்பர் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. வெரலைத் தண்ணில தொட்டுத் தரைல வரையறான். காயறதுக்குள்ள நான் அந்தப் பக்கம் வந்தா பாத்துடுவேன். நேத்து ஒரு மரம். பெரிய மரம்."

ஓசெட்டா மூன்று தம்ளர்களில் ஷர்பத்தை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.  "சொன்னதுக்கு ரொம்ப நன்றி" என்றாள்.

யான்சி மகள்களைக் கூப்பிட்டு, படத்துக்குக் கீழே போய் நின்றார். மூவர் கையிலும் தம்ளர். இமோஜின் எடுத்தாள். சீட்டை வாங்கி அவர் எழுதப் போனபோது ஓசெட்டா குறுக்கே கை நீட்டினாள்.

"பேர் வேண்டாம்ண்ணே."

"மத்தவங்க எழுதறாங்கள்ல?"

"மத்தவங்களுக்கு வேலை போகாது."

அவர் எழுதினார். பேர், விலாசம், அதற்குக் கீழே, 'சிறைக் காவலர், பதினோரு வருஷம்.'

மாநிலச் சட்டமன்றக் குழு ஒன்று சிறைகளைப் பற்றிப் பொது விசாரணை நடத்தப்போவதாகச் செப்டம்பரில் அறிவித்தது. பேச விரும்புபவர்கள் பேர் கொடுக்கலாம், ஆளுக்கு மூன்று நிமிஷம். அதற்குள் அறுநூற்று நாற்பது போட்டோக்கள் சேர்ந்திருந்தன. பள்ளிச் சமையலறையின் காலி அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வேனில் ஏற்றினோம். தலைநகர் போகும் வழியில், "யான்சி போட்டோவை எல்லாத்துக்கும் மேல வெச்சியா?" என்று கேட்டேன்.

"அது பெட்டில இல்ல அண்ணே."

"என்னம்மா சொல்ற? நம்மகிட்ட இருக்கறதுலயே கனமானது அதுதான். அவங்க ஆளே நிக்கறான்னா அந்த மனுஷன் வென்ட்லண்டுக்குப் பேச வாய் இருக்குமா?"

"அந்த ரெண்டு பொண்ணுங்களையும் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். உன் தம்பியையும்தான் பாக்கறேன். அவரேதானே எழுதிக் குடுத்தாரு?"

"திருவிழாவுல, டிரம் சத்தத்துல எழுதிக் குடுத்தாரு. வீட்டுக்குப் போய் யோசிச்சிருப்பாரு. ஒருத்தன வெளில எடுக்க இன்னொருத்தனோட சோத்துல கை வைக்க என்னால முடியாது."

பின்னாலிருந்து இமோஜின், "இவகூட ஒரு வழக்கு ஜெயிக்கறதும் பொணத்தைச் சிரிக்க வைக்கறதும் ஒண்ணுதான்" என்று முனகினாள். எனக்கும் கோபம்தான். அதற்குப் பிறகு தலைநகர் வரை ரேடியோவைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

விசாரணையில் முதலில் வென்ட்லண்ட் பேசினார். கெட்டிக்காரர். படத்தைக் குறை சொல்லவே இல்லை. "வெளியில் அது ஒரு நல்ல ஓவியம். நானே ரசிப்பேன். ஆனால் சிறைக்குள் வந்ததும் அதே படத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. எங்கள் வேலை உயிர்களைக் காப்பது" என்றார். குழுவில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

ஓசெட்டா எழுந்து போனாள். நீலச் சட்டை, சர்ச்சுக்குப் போடும் தொப்பி. எழுதிவைத்திருந்த காகிதத்தை மைக்குக்கு முன்னால் வைத்தவள், அதைப் பார்க்கவே இல்லை.

"என் தம்பி ஒருத்தரைக் கால்ல சுட்டான். அந்தப் பெரியவர் சாகற வரைக்கும் கம்பு ஊணித்தான் நடந்தாரு. இருபத்தஞ்சு வருஷம்னு நீதிபதி சொன்னாரு. நான் அந்தக் கோர்ட்டுலதான் இருந்தேன். சரின்னுதான் கேட்டுக்கிட்டேன். ஆனா அந்த நீதிபதி ஜன்னல் கூடாதுன்னு சொல்லல. பென்சில் கூடாதுன்னு சொல்லல. அக்கா கை தம்பி மேல படக் கூடாதுன்னு சொல்லல. அதையெல்லாம் தண்டனைல சேத்தது யாருன்னு கேக்கத்தான் வந்திருக்கேன். சேத்ததுக்குக் காரணம் இந்தப் படம்ங்கறாங்க. இதோ, அறுநூத்தி நாப்பது பேர் இதுக்குக் கீழ நிக்கறாங்க. பேரும் விலாசமும் பின்னால இருக்கு. எங்களையும் கொண்டுபோய் வைங்க. இல்லன்னா அவனைக் கொண்டுவாங்க."

நாங்கள் பெட்டிகளைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தோம். குழுத் தலைவி ஹோல்கம் ஒவ்வொரு போட்டோவாக எடுத்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு வென்ட்லண்டிடம், "விழா, கலை, வரலாறு சம்பந்தமான காகிதங்களுக்காக மட்டும் தனிக்கொட்டடியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"உடனடியாகச் சொல்ல முடியாது மேடம்."

"அறுபத்தியொண்ணு" என்றாள் ஓசெட்டா. மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் அம்மாக்களும் மனைவிகளும் அவளுக்கு எழுதிய கடிதங்களை எண்ணி வைத்திருந்தாள். அது எனக்கே அன்றுதான் தெரியும்.

பேப்பரில் வந்தது. டிவியில் அரை நிமிஷம் காட்டினார்கள். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. அக்டோபர் போனது, நவம்பர் போனது. மாதத்துக்கு ஒரு மணி நேரம் கண்ணாடி வழியே தம்பியைப் பார்த்துவிட்டு வருவாள். மெலிந்துகொண்டே வந்தான். 'அந்தப் போட்டோவை வைத்திருந்தால்' என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டதை மறைக்க மாட்டேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது யான்சி படிக்கட்டில் நின்றிருந்தார்.

"என் போட்டோ அங்க வரலைன்னு இமோஜின் அம்மா சொன்னாங்க. ஏன் வைக்கல?"

"உங்க வீட்ல கேட்டீங்களா, இல்லையான்னு எனக்குத் தெரியாதுல்ல" என்றாள் ஓசெட்டா.

அவர் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார். "இன்னைக்குக் கேட்டுட்டுத்தான் வந்தேன்."

அந்த வாரம் அவரே குழுவுக்குக் கடிதம் எழுதினார். ஜனவரியில் அவரைக் கூப்பிட்டார்கள். சீருடையோடு போனார். பதினோரு வருஷத்தில் ஒரு விழாப் படத்தாலோ ஒரு கவிதையாலோ தன் வரிசையில் ஒரு சண்டையும் வந்ததில்லை என்றார். காகிதம் இல்லாமல் வைக்கப்பட்டவர்கள் தலையைச் சுவரில் மோதிக்கொள்வதை எத்தனை தரம் பதிவேட்டில் எழுதியிருக்கிறார் என்பதையும் தேதியோடு சொன்னார். அதன் பலனாக அவரைக் கோபுரக் காவலுக்கு மாற்றினார்கள். குளிரில், தனியாக. தொழிற்சங்கம் அவர் பக்கம் நின்றதால் வேலை மட்டும் தப்பியது. தண்டனை வாங்கிய ஆள் மாதிரி அவர் நடந்துகொள்ளவில்லை. வாசலில் என் வேன் நுழைந்தால் மேலேயிருந்து கை ஆட்டுவார்.

மார்ச்சில் அரசு உத்தரவு வந்தது. விழாக் காகிதங்களும் வரலாற்றுப் புத்தகங்களும் இனி கும்பலுக்கு ஆதாரம் ஆகாது. அறுபத்தியொரு பேர் கோப்பும் மறுபடி பார்க்கப்படும். மே மாதத்துக்குள் முப்பத்தேழு பேர் தனிக்கொட்டடியிலிருந்து வெளியே வந்தார்கள். அதில் டெலானோவும் ஒருவன். விடுதலை இல்லை. இன்னும் எட்டு வருஷம் இருந்தது. ஆனால் ஜன்னல் உண்டு. பென்சில் உண்டு.

முதல் சனிக்கிழமை நானும் அவளோடு உள்ளே போனேன். கண்ணாடி இல்லாத பெரிய கூடம், மேஜைகள், பிள்ளைகளின் இரைச்சல். டெலானோ கதவருகே வந்து நின்றுவிட்டான். நடுவில் வராமல் சுவரை ஒட்டியே நடந்து வந்தான். அத்தனை தூரத்தை ஒரே பார்வையில் பார்ப்பதற்கு அவன் கண் பழகவில்லை. வந்ததும் கட்டிப்பிடிக்கலாம், கிளம்பும்போது ஒரு தரம் கட்டிப்பிடிக்கலாம், அதுதான் விதி. ஓசெட்டா கையை விரித்தாள்.

"அக்கா, கொஞ்சம் இரு" என்றான். "ஒரு வருஷமா யாரும் தொடல. கொஞ்சம் இரு."

"சரி, உக்காரு. அவசரம் இல்ல."

எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த அடுப்பைப் பற்றிப் பேசினாள். பூனுக்கு முட்டி வலி என்றாள். அவன் கேட்டுக்கொண்டே வந்தான். ஒரு மணி நேரம் கழித்து மேஜைமேல் இருந்த அவள் கையின் ஓரத்தில் தன் சுண்டுவிரலை வைத்தான். அவள் பேச்சை நிறுத்தவில்லை, கையையும் அசைக்கவில்லை. கிளம்பும்போது எழுந்து நின்று, அவனே அவளைக் கட்டிக்கொண்டான். நீளமாக. கூடத்துக் காவலர் வந்து எதுவும் சொல்லவில்லை.

வேனுக்கு வந்ததும் ஓசெட்டா முன்னிருக்கையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். நான் சாவியைத் திருகவில்லை. பின்னாலிருந்து இமோஜின் ஒரு கைக்குட்டையை நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"இன்னும் இருபத்தி நாலு பேர் உள்ளயே இருக்காங்க" என்று பின்னால் திரும்பினாள். "இதுல மூணு பேரோட வீட்டு விலாசம் என்கிட்ட இல்ல. பேரைப் படிக்கறேன். யாருக்காவது அவங்க அம்மாவைத் தெரியுமான்னு பாருங்க."

நான் வண்டியை எடுத்தேன். அவள் படிக்க ஆரம்பித்தாள்.